பார்த்தும் காணாத ஐந்து விநாடி

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, மொனராகலை, பொத்துவில் வழியாக மட்டக்களப்பு நோக்கி வரும் நெடுஞ்சாலை, அக்கரைப்பற்றைக் கடந்தபின் தன் இயல்பை மாற்றிக்கொள்கிறது. அதுவரை காட்டையும் வயலையும் ஊடறுத்து வந்த பெருந்தெரு இங்கே ஊர்த்தெருவாகிவிடுகிறது. அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை எனச் சிற்சில இடங்களில் வயல்வெளி குறுக்கிட்டாலும் ஊரை அடுத்து ஊராகவே வழி நீள்கிறது. கிழக்கே கடல், மேற்கே நெல்வயல். இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் பாடசாலைப் பிள்ளைகளும், சந்தைக்குச் செல்வோரும், நெல்மூடை ஏற்றிய உழவு இயந்திரமும், முச்சக்கர வண்டியும், தொலைதூரப் பஸ்வண்டியும், கட்டாக்காலி மாடுகளும் ஒரே தெருவைப் பங்கிட்டுக்கொள்கின்றன.

இத்தகைய தெருவில், கையிலோ தலைக்கவசத்துக்குள்ளோ கைத்தொலைபேசியை வைத்துப் பேசிக்கொண்டு வண்டி செலுத்துவது எத்துணை ஆபத்தானது என்பதை எவருக்கும் விளக்க வேண்டுவதில்லை. வண்டி செலுத்துவோர் யாவரும் அதை அறிவர். அறிந்தும் செய்கின்றனர். ஆதலின், இதனைத் தடுக்கும் நோக்குடன் முப்பது விநாடிக்கு ஓர் அசைவுச் சித்திரம் தயாரிக்க முன்வருவோர், தெரியாத ஒன்றைத் தெரிவிப்பதாக எண்ணிப் புறப்பட்டால் முதலடியிலேயே வழி தவறுவர். தெரிந்த ஒன்றை உணரச் செய்வதே அவர்கள் பணி.

சித்திரப் படத்தைத் தெருப் பாதுகாப்புக்குப் பயன்படுத்துவது புதுமையன்று. 1950ஆம் ஆண்டிலேயே வோல்ட் டிஸ்னி நிலையம் ‘மோட்டார் மேனியா’ என்னும் குறும்படத்தை வெளியிட்டது. எறும்பையும் மிதிக்கத் தயங்கும் சாதுவான மனிதர் ஒருவர், காரில் ஏறி அமர்ந்ததும் அசுரனாகிவிடுகிறார். இறங்கியதும் மறுபடியும் சாது. நடிகரைக் கொண்டு எடுத்திருந்தால் இது மிகையாகத் தோன்றியிருக்கும். கோட்டுச் சித்திரத்தில் மனம் மாறும்போது முகமும் உருவமும் கூடவே மாறுகின்றன. பார்ப்பவர் சிரித்துக்கொண்டே தம்மை அடையாளங் காண்கிறார்.

அண்மைக் காலத்து எடுத்துக்காட்டும் ஒன்றுண்டு. அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகர ரயில் நிறுவனம் 2012ஆம் ஆண்டு நவம்பரில் மூன்று நிமிடச் சித்திரப் பாடல் ஒன்றை வெளியிட்டது. வண்ண வண்ணக் குட்டி உருவங்கள் மடத்தனமான வழிகளில் ஒவ்வொன்றாக மாண்டுபோகின்றன. கடைசியில் மாள்பவை ரயில் தண்டவாளத்தில் அசட்டையாய் நடந்துகொண்டவை. அது உலகெங்கும் பரவி, அடுத்த ஆண்டு கான் விளம்பர விழாவில் பெரும் பரிசுகளை வென்றது.

எனினும், அந்த முறையை அப்படியே கல்முனைக்குக் கொண்டுவருவது பொருந்துமா என்பது ஐயத்துக்குரியது. ஒருவர் மரணித்தால் பள்ளிவாசல் ஒலிபெருக்கி அந்த ஜனாஸாவை ஊருக்கு அறிவிக்கிறது; கேட்டவர் கையிலுள்ள வேலையை வைத்துவிட்டு எழுந்து செல்கிறார். 2004ஆம் ஆண்டு டிசம்பரில் கடல் பொங்கி எத்தனையோ வீடுகளை ஒரே காலைப்பொழுதில் கொண்டுபோன கரை இது. இங்கே மரணத்தை வேடிக்கையாக்கினால் சிரிப்பு எழாது. குருதியைக் காட்டி அச்சுறுத்தினாலோ பார்ப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்வர். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி தேட வேண்டும்.

அவ்வழி சித்திரக் கலையின் தனி ஆற்றலிலேயே இருக்கிறது. தொலைபேசியைப் பார்க்கும் ஓட்டுநரைக் கமரா படம்பிடித்தால் தெருவும் அதில் முழுமையாகத் தெரியும். அவர் எதைக் காணவில்லை என்பது தெரியாது. சித்திரக்காரரோ தெருவையே அழித்துவிடலாம். கண் திரையில் பதிந்த கணத்தில் மரமும் மதிலும் மனிதரும் மறைந்து, வெறும் வெள்ளைத் தாளின்மீது வண்டி ஓடட்டும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வண்டி விநாடிக்கு ஏறக்குறைய 14 மீற்றர் கடக்கிறது. ஐந்து விநாடியில் 70 மீற்றர். ஒரு குறுஞ்செய்தியை வாசிக்க அவ்வளவு நேரம் எளிதில் கழிந்துவிடும். படத்திலும் அந்த ஐந்து விநாடியைச் சுருக்காது முழுதாக விட வேண்டும். பார்ப்பவருக்கு அது தாங்கொணா நீளமாகத் தோன்றும்.

இனி, கதைப்பலகை என்பது யாதெனப் பார்க்கலாம். படத்தின் காட்சிகளைச் சிறு கட்டங்களாக வரைந்து, பலகையில் வரிசையாகக் குத்திவைக்கும் இம்முறை 1930களின் தொடக்கத்தில் டிஸ்னி நிலையத்தில் உருவானது. 1933ஆம் ஆண்டின் ‘மூன்று பன்றிக்குட்டிகள்’ படம் அவ்வாறு முழுமையாகத் திட்டமிடப்பட்டது. கட்டத்தின் கீழே அதன் கால அளவு, அசைவு, ஒலி ஆகியவை குறிக்கப்படும். பிடிக்காத கட்டத்தைக் கழற்றி எறியலாம். இரண்டை இடம் மாற்றலாம். திரைப்படம் விநாடிக்கு 24 சட்டங்கள் ஓடுவது. முப்பது விநாடிக்கு 720 சட்டங்கள். ஒரு சித்திரத்தை இரு சட்டங்களுக்கு நிறுத்தினாலும் 360 சித்திரங்கள் வேண்டும். கணினி வந்தபின்னும் உழைப்பு சிறிதன்று. தாளில் கிழித்தெறிவதே மலிவு.

கல்முனைப் படத்தின் பலகைக்குப் பத்துக் கட்டங்கள் போதும். முதலில் தெரு. அது எந்த ஊரென்று பெயர்ப்பலகை சொல்ல வேண்டாம். இத்தெருவில் முஸ்லிம்களும் தமிழரும் சிங்களவரும் வண்டி செலுத்துகின்றனர், ஓர் ஊரைச் சுட்டிவிட்டால் மற்றோர் தப்பித்துக்கொள்வர். அடுத்து, மோட்டார் சைக்கிளில் ஓர் இளைஞன். அவனை முரடனாக வரைவது பெரும் பிழை. தொலைபேசி ஒலிக்கிறது. அழைப்பவர் யார் என்னும் இடத்தில்தான் இக்கரையோரத்தின் உண்மை இருக்கிறது. இவ்வூர்களில் பல வீடுகளின் தந்தையரும் தமையன்மாரும் கத்தாரிலும் சவூதியிலும் உழைக்கின்றனர். அங்குள்ள கடிகாரம் இலங்கைக்கு இரண்டரை மணி நேரம் பிந்தியது. அங்கே பகல் பன்னிரண்டு மணிக்கு வேலைத்தலத்தில் ஓய்வு கிடைத்தவர் அழைக்கும்போது இங்கே பிற்பகல் இரண்டரை. மகன் தெருவில் இருக்கிறான். அழைப்பை எடுக்காவிட்டால் மறுநாள்வரை வாப்பாவின் குரலைக் கேட்க முடியாமற் போகலாம். இளைஞன் தொலைபேசியைத் தலைக்கவசத்துள் செருகுவது திமிரினால் அன்று, பாசத்தினால்.

கை விடுபட்டிருந்தால் தீங்கில்லை என்று பலர் நம்புகின்றனர். வண்டி செலுத்தும்போது தொலைபேசியைப் பயன்படுத்துபவர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. கையில் பிடிக்காமல் பேசுவதும் அதனினும் பெரிதாகப் பாதுகாப்பானதன்று என்பது அதன் முடிபு. ஆகவே ஐந்தாங் கட்டத்தில் இளைஞனின் கண்கள் நேரே நோக்கியிருக்கட்டும். குரல் கேட்கக் கேட்கத் தெரு மட்டும் வெளிறட்டும். வெள்ளைத் தாளில் எதிரே ஒரு மாட்டின் கொம்போ, ஒரு பாடசாலைப் பையின் வாரோ கோடாக மட்டும் தோன்றி மறைந்தால் போதும். மோதலை வரைய வேண்டியதில்லை.

எட்டாங் கட்டத்தில் படம் கடல் கடக்கிறது. பாலைவன வெயிலில், தலைப்பாகையாய்த் துணி சுற்றிய தந்தை, தொலைபேசியில் வண்டியின் இரைச்சலைக் கேட்டு நிமிர்கிறார். “ரோட்டுலயா மகன்? வெச்சிட்டு ஊட்டுக்குப் போய் எடுங்க.” அவ்வளவே. தெரு மீண்டும் நிறம் பெறுகிறது. மாடு நிதானமாகக் கடந்து போகிறது. அறிவுரை ஓட்டுநருக்கு மட்டுமன்றி, அழைப்பவருக்கும் உரியதாகிறது. பொலிஸாரின் எச்சரிக்கையைப் பொருட்படுத்தாதவனும் வாப்பாவின் சொல்லுக்கு வண்டியை ஓரங்கட்டுவான்.

கட்டங்கள் முடிந்ததும் அவற்றைப் படம்பிடித்து, ஒலியோடு சேர்த்து ஓட்டிப் பார்ப்பது வழக்கம். அதனைக் கலைஞருக்கு மட்டும் காட்டிப் பயனில்லை. கல்முனைச் சந்தியில் நிற்கும் முச்சக்கர வண்டிக்காரர் சிலரை அழைத்துக் காட்டி, “நன்றாக இருக்கிறதா?” என்று கேளாமல், “என்ன நடந்தது?” என்று கேட்க வேண்டும். வெள்ளைத் தாளைப் படம் அறுந்ததாக எண்ணியவர் ஒருவர் இருந்தாலும் அந்தக் கட்டத்தைத் திருத்தி வரைய வேண்டும். மற்றொரு சோதனையும் உண்டு. படத்தை மறைத்து ஒலியை மட்டும் கேட்கச் செய்வது. இரைச்சல் தேய்ந்து, ஐந்து விநாடி ஒரு குரல் மட்டும் நின்று, மறுபடியும் தெரு ஒலிகள் திரும்புவது காதுக்கே விளங்குமாயின், அந்த ஒலித்தடத்தை எவ்வித மாற்றமுமின்றி வானொலியிலும் ஒலிபரப்பலாம்.