ஜீவனாம்ச நிலமும் பூரண பாத்தியதையும்

சட்டம் பிறந்த பின்: 9

1937-ஆம் ஆண்டின் ஹிந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் விதவைக்குக் கணவனுடைய பங்கை அளித்தபோதிலும், அதை ஆயுள் உள்ளவரை அவள் அனுபவிக்கலாமேயன்றித் தக்க அவசியமின்றி விற்கவோ தானம் செய்யவோ கூடாதென்றும், அவள் காலத்துக்குப் பின் கணவன் வழி வாரிசுகளையே அது சேருமென்றும் வரம்பு கட்டியிருந்ததைச் சென்ற வாரம் கண்டோம். அந்த வரம்பை அகற்றும் பொருட்டு எழுந்ததே, 1956 ஜூன் 17-ஆம் தேதி அமலுக்கு வந்த ஹிந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு.

அப்பிரிவின் முதல் உட்பிரிவு, ஹிந்துப் பெண்ணின் வசமுள்ள ஆஸ்தி எதுவாயினும், சட்டத்துக்கு முன் கிடைத்ததாயினும் பின் கிடைத்ததாயினும், ஜீவனாம்சத்துக்கு ஈடாகக் கிடைத்ததேயாயினும், அதற்கு அவளே முழு உரிமையாளர் என்று கூறிற்று. ஆனால், தானப் பத்திரம், உயில், நீதிமன்றத் தீர்ப்பு போன்றவற்றின் வழியே வரையறுக்கப்பட்ட உரிமையோடு வந்த சொத்துக்கு இது பொருந்தாது என்று இரண்டாம் உட்பிரிவு விதிவிலக்கு வகுத்தது. ஜீவனாம்சத்துக்காக ஒரு விதவைக்கு நிலம் விடப்பட்டு, அவ்வாறு விட்ட பத்திரத்திலேயே ‘ஆயுட்காலம் மட்டும்’ என்ற நிபந்தனையும் இருக்குமானால் எந்த உட்பிரிவு ஆளும்? சட்டசபைகளில் ஓய்ந்த விவாதம் நீதிமன்றங்களில் மீண்டும் தொடங்கியது. உயர் நீதிமன்றங்கள் ஒன்றுக்கொன்று மாறான முடிவுகளை அளித்தன.

இக்கேள்வியை உச்ச நீதிமன்றத்தின்முன் நிறுத்தியது நெல்லூரில் பிறந்த துளசம்மா வழக்கு. அக்காலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த அவ்வூரில், 1931-இல் கணவனை இழந்த அம்மையார் ஜீவனாம்சம் கோரி 1944-இல் வழக்குத் தொடுத்தார். 1949-இல் ஏற்பட்ட சமரசத்தின்படி, விற்கும் அதிகாரமின்றி ஆயுள்வரை அனுபவிக்க அவருக்குச் சில சொத்துகள் விடப்பட்டன. புதிய சட்டம் தமக்கு முழு உரிமை தந்ததென்ற துணிவில் 1961-இல் அவர் அவற்றில் ஒரு பகுதியை விற்கவே, கணவனின் சகோதரர் அந்த ஆண்டிலேயே நீதிமன்றத்தை நாடினார். கீழ்க்கோர்ட்டில் தோற்று, மாவட்ட நீதிமன்றத்தில் வென்று, உயர் நீதிமன்றத்தில் மறுபடி தோற்று, இறுதியாக 1977 மார்ச்சில் அம்மையார் வெற்றி கண்டார்.

அத்தீர்ப்பின் உயிர்நாடி யாதெனில், ஜீவனாம்சம் என்பது குடும்பத்தார் மனமிரங்கி அளிக்கும் கருணையன்று, தர்மசாஸ்திரமே விதவைக்கு வழங்கிய பாத்தியதை என்பதாகும். முன்பே உள்ள உரிமைக்கு உருவம் கொடுக்கும் பத்திரம் புதிதாக எதையும் வழங்குவதில்லையாதலால், அதிலுள்ள நிபந்தனை முதல் உட்பிரிவின் முன் செல்லாது. முன்னுரிமை ஏதுமின்றி, அப்பத்திரத்தாலேயே முதன்முதலாகக் கிடைக்கும் சொத்தையே இரண்டாம் உட்பிரிவு கட்டுப்படுத்தும். இவ்வாறு தெளிவுபடுத்திய நீதியரசர் பகவதி, இப்பிரிவின் வாசகக் குறை வழக்காடுவோரைக் குழப்பத்தில் ஆழ்த்தியதை எடுத்துக்காட்டி, சட்டமன்றம் அதைத் திருத்த வேண்டுமென்றும் வேண்டினார்.

மறுதரப்பாரின் வாதத்தையும் நாம் அலட்சியம் செய்தலாகாது. தான் சம்பாதித்த சொத்தைத் தன் விருப்பப்படி உயிலெழுதும் சுதந்திரம் ஒருவனுக்கு உண்டன்றோ? 2006-இல் சாது சிங் வழக்கில், கணவன் தன் சுயார்ஜிதத்தை மனைவிக்கு ஆயுள் உரிமையாக மட்டும் உயிலெழுதியிருந்தபோது, அவ்விருப்பத்தையே உச்ச நீதிமன்றம் நிலைநிறுத்தியது. இவ்விரு போக்குகளையும் இணங்க வைக்க இயலாத நிலையில், 2024 டிசம்பரில் இரு நீதிபதிகள் இக்கேள்வியைப் பெரிய அமர்வின் பரிசீலனைக்கு அனுப்பினர்.

2005-இல் அச்சட்டத்தை விரிவாகத் திருத்திய பாராளுமன்றம் 14-ஆம் பிரிவை மட்டும் தொடவில்லை என்பது வருந்தத்தக்கது. ஒரு சீர்திருத்தத்தின் பலன் நிபுணர்களின் வியாக்கியானத்தையே நம்பியிருக்குமானால், வழக்காடும் வசதியுள்ளவருக்கே அது கிட்டும். அச்சீர்திருத்தம் எவருக்காக இயற்றப்பட்டதோ அந்த ஏழை விதவைக்கு, நான்கு நீதிமன்றங்களின் படியேறும் சக்தி ஏது? ஆதலால், குடும்ப ஏற்பாட்டுப் பத்திரம் எழுதுவோர், பெண்ணுக்கு விடும் சொத்து அவளுடைய எந்த உரிமையின் பேரில் விடப்படுகிறது என்பதை ஐயத்துக்கிடமின்றி எழுதி வைப்பார்களாக. சட்டம் இயற்றுவோரும் தெளிவான வாசகத்தையே சீர்திருத்தத்தின் முதற்கடமையாகக் கொள்வார்களாக.

மகளுக்குப் பிறப்பால் வரும் பங்கைப் பற்றிய வாதங்களை அடுத்த இதழில் ஆராய்வோம்.

(தொடரும்)