திருப்பதிக்கு காரில் போறீங்களா? மலை இறங்கும்போது பிரேக் கைவிடாமல் இருக்க வீட்டிலேயே என்ன பார்க்கலாம்?

திருமலை சிறப்பு தரிசன டிக்கெட்டை மாதக்கணக்கில் முன்பே, லேப்டாப் முன்னால் உட்கார்ந்து காத்திருந்து புக் செய்கிறோம். தங்கும் அறை, ஆதார் அட்டை, பாட்டிக்கு மாத்திரை என எல்லாவற்றுக்கும் ஒரு லிஸ்ட் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்ததும் சென்னையில் இருந்து திருத்தணி, புத்தூர், ரேணிகுண்டா வழியாகவோ, பெங்களூருவில் இருந்து முல்பாகல், பலமநேர், சித்தூர் வழியாகவோ கிளம்பிவிடுகிறோம். காருக்கு மட்டும் லிஸ்ட் கிடையாது. கேட்டால், "போன வருஷம்தான் சர்வீஸ் விட்டேன், நல்லாத்தான் ஓடுது" என்று பதில் வரும்.

ஊருக்குள் நல்லாத்தான் ஓடும். ஆபீஸுக்கு மெட்ரோவில் போய்விட்டு, காரை வாரம் முழுக்க அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் நிறுத்தி வைப்பவர்களுக்கு அதில் உள்ள குறைகள் கண்ணில் படாது. அவை வெளியே வரும் இடம் மலைச்சாலை. அதுவும் ஏறும்போது தெரிவதைவிட, தரிசனம் முடிந்து தூக்கக் கலக்கத்தில் இறங்கும்போதுதான் அதிகம் தெரியும்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு அரை மணி நேரம் ஒதுக்கினால், இந்தக் குறைகளில் பலவற்றை வீட்டு வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம். அதற்கு மெக்கானிக் ஆக வேண்டியதில்லை.

மலைப்பாதை காரை என்ன செய்கிறது?

அலிபிரியில் இருந்து திருமலைக்கு இரண்டு சாலைகள் இருக்கின்றன. முதல் சாலை 1944-ல், இந்தப் பகுதி சென்னை மாகாணத்தில் இருந்தபோது திறக்கப்பட்டது. இப்போது அது இறங்குவதற்கு மட்டும் பயன்படுகிறது. 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சாலை அது. ஏறுவதற்கான இரண்டாவது சாலை 1974-ல் வந்தது. இரண்டுமே சுமார் 18 கி.மீ. நீளம். அதாவது, பழைய, வளைவு அதிகமுள்ள சாலையில்தான் நீங்கள் இறங்கப்போகிறீர்கள்.

அடிவாரத்துக்கும் மேலே உள்ள ஊருக்கும் உயர வித்தியாசத்தை ஏறக்குறைய 650 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேர், பெட்டிகள், லட்டுப் பை எல்லாம் சேர்த்து காரின் எடை 1,500 கிலோ. அந்த எடை கீழே வரும்போது விடும் ஆற்றல் சுமார் 95 லட்சம் ஜூல். அது முழுவதும் வெப்பமானால், 30 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம்.

காற்றும் டயர் உராய்வும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியை இன்ஜின் தாங்க வேண்டும், இல்லையென்றால் பிரேக் தாங்க வேண்டும். நியூட்ரலில் இறங்கினால் இன்ஜினின் பங்கு பூஜ்யம். மொத்த சுமையும் பிரேக் மேல்தான். 'பெட்ரோல் மிச்சம்' என்று சிலர் செய்யும் வேலை இது. உண்மையில், இன்றைய கார்களில் கியரில் வைத்து ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கினால் இன்ஜினுக்குள் எரிபொருள் போவது ஏறக்குறைய நின்றேவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் இருக்க எரிபொருள் தேவை.

பிரேக் மிதி ஏன் திடீரென்று மெத்தென்று ஆகிறது?

நாம் 'பிரேக் ஆயில்' என்று சொல்வது எண்ணெயே இல்லை. கிளைகால் வகையைச் சேர்ந்த திரவம். உங்கள் கால் கொடுக்கும் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது அதுதான். அதற்கு ஒரு குணம் உண்டு: காற்றில் உள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். கார் ஓடினாலும் சரி, சும்மா நின்றாலும் சரி. ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை இறங்கும்.

பல கார்களில் பயன்படும் டாட் 4 வகையை எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தர விதி. நீர் 3.7 சதவீதம் கலந்துவிட்ட நிலையில் அந்த வரம்பு 155 டிகிரிதான். டாட் 3 வகைக்கு 205-ம் 140-ம்.

நீண்ட இறக்கத்தில் பிரேக்கில் கால் வைத்தபடியே வந்தால் டிஸ்க்கின் சூடு இதையெல்லாம் எளிதில் தாண்டும். அந்தச் சூடு திரவத்துக்கும் போய்ச் சேர்ந்தால், பழைய திரவம் கொதித்து ஆவிக் குமிழ்கள் உருவாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அதனால் மிதி உள்ளே போகும், கார் நிற்காது. நான்கு வருடமாக மாற்றாத திரவம் ஊருக்குள் இருக்கும் சிக்னல்களில் உங்களை ஒருமுறைகூட எச்சரித்திருக்காது.

பொதுவாக 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை இதை மாற்றச் சொல்கிறார்கள். உங்கள் கார் கையேட்டில் வேறு கணக்கு இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியவர்கள், கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று பில்லில் தெரியவில்லை என்றால், மாற்றவே இல்லை என்றே எடுத்துக்கொள்வது நல்லது.

சரி, வீட்டில் எதையெல்லாம் பார்க்கலாம்?

*பிரேக்:* பானெட்டைத் திறந்தால் பிரேக் திரவத்தின் சிறு டப்பாவில் அதிகபட்ச, குறைந்தபட்ச கோடுகள் தெரியும். அளவு கீழே இறங்கியிருந்தால் வாங்கி ஊற்றிவிட்டுப் போய்விடாதீர்கள். ஒன்று பிரேக் பேட் தேய்ந்திருக்கும், இல்லையென்றால் எங்கோ கசிவு இருக்கும். அலாய் வீல் என்றால் டார்ச் அடித்து இடைவெளி வழியாகவே பேடைப் பார்க்கலாம். உலோகத் தகட்டை விட்டுவிட்டு, தேயும் பகுதி மட்டும் 3 மி.மீ. அளவுக்கு வந்திருந்தால் மலைக்குப் போகும் முன் மாற்றிவிடுங்கள்.

அடுத்து ஒரு சின்ன டெஸ்ட். இன்ஜினை அணைத்துவிட்டு மிதியை ஐந்தாறு முறை மிதியுங்கள், கெட்டியாகும். காலை அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். மிதி லேசாகக் கீழே இறங்கி நின்றால் பிரேக் பூஸ்டர் வேலை செய்கிறது. நிற்காமல் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால், அந்தக் காரில் பயணம் வேண்டாம். நேராக மெக்கானிக்கிடம்தான்.

*கூலன்ட்:* சித்தூர், திருப்பதி பக்கம் மே மாத வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் முழு லோடோடு, ஏ.சி. போட்டு, இரண்டாவது கியரில் ஏறும்போது கூலன்ட் குறைந்த இன்ஜின் தாங்காது. வண்டி ஆறிய பிறகு, வெளியே தெரியும் டப்பாவில் அளவைப் பாருங்கள். குழாய் நீரையோ போர்வெல் நீரையோ ஊற்ற வேண்டாம். சுடுதண்ணீர் பாத்திரத்தின் அடியில் உப்பு படிவதைப் பார்த்திருப்பீர்கள், ரேடியேட்டருக்குள்ளும் அதேதான் நடக்கும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. விசில் அடங்காத குக்கரைத் திறப்பது போன்றது அது.

*டயர்:* காற்றழுத்தத்தை, வண்டி ஓடாமல் ஆறியிருக்கும் காலை நேரத்தில் பாருங்கள். எவ்வளவு வேண்டும் என்பது டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். முழு லோடுக்குத் தனி எண் இருக்கும், கவனியுங்கள். டயர் பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ. என்பது சட்டம் சொல்லும் கீழ் எல்லை. பள்ளங்களுக்கு நடுவே உள்ள சின்ன மேடு, டயரின் மேற்பரப்போடு சமமாகிவிட்டால் அந்த எல்லைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் டயரின் வயது. 2321 என்றால் 2021-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. ஸ்டெப்னியையும் மறக்காதீர்கள். புதிய கார்கள் சிலவற்றில் ஸ்டெப்னிக்குப் பதிலாக பங்க்சர் கிட்தான் வருகிறது. உங்கள் டிக்கியில் எது இருக்கிறது என்பதை இப்போதே திறந்து பாருங்கள்.

*பேட்டரி, விளக்கு, வைப்பர்:* இரவு முழுக்க நின்ற பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருந்தால் நல்லது, 12.2 என்றால் பாதி சார்ஜ்தான். பிரேக் லைட் எரிகிறதா என்று பார்க்கத் துணைக்கு ஆள் இல்லையா? மாலையில் சுவரை ஒட்டிப் பின்பக்கமாக நிறுத்தி மிதியுங்கள், சிவப்பு வெளிச்சம் சுவரில் தெரியும்.

இதற்கு என்ன கருவிகள் வாங்க வேண்டும்?

ஆன்லைனில் கிடைக்கும் '150 பீஸ் டூல் கிட்' தேவையில்லை. டயர் பிரஷர் கேஜ், 12 வோல்ட் காற்றடிக்கும் பம்ப், மல்டிமீட்டர், தலையில் மாட்டும் டார்ச், கையுறை, நீளமான பிடியுள்ள வீல் ஸ்பேனர், சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்க இரண்டு கட்டைகள் போதும். காரோடு வந்த சின்ன ஸ்பேனரால் மெஷினில் இறுக்கிய நட்டைக் கழற்றுவது கஷ்டம். இரவில் ரோட்டோரம் நின்று இதைக் கற்றுக்கொள்ள வேண்டாம். வீட்டு வாசலில் ஒருமுறை ஸ்டெப்னி மாற்றிப் பழகுங்கள்.

கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்யலாம் என்றால், ஓபிடி ஸ்கேனர் வாங்கலாம். டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள பாயின்டில் செருகி, போனில் ஆப் வழியாக இன்ஜினின் சூட்டையும் எச்சரிக்கைக் குறியீடுகளையும் படிக்கலாம். ஆனால் குறியீடு காட்டுவது அறிகுறியைத்தான். காரணத்தை மெக்கானிக்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த அளவுகளைப் போனில் எழுதி வைத்தால் இன்னொரு லாபமும் உண்டு. சர்வீஸ் சென்டரில் "பேட்டரி போயிடுச்சு சார், மாத்திடலாமா?" என்று கேட்டால், உங்கள் கையில் எண் இருக்கும். தேவையென்றால் மாற்றலாம், இல்லையென்றால் ஏன் என்று கேட்கலாம்.

எதை வீட்டில் செய்யக் கூடாது?

ஜாக்கி மட்டும் தாங்கும் காருக்கு அடியில் தலையையோ கையையோ விடக் கூடாது. ஜாக்கி சக்கரம் மாற்றத்தான், வேலை பார்க்க அல்ல. பிரேக் பேட், பிரேக் திரவம் மாற்றுவதை யூடியூப் பார்த்து முதல்முறையாக முயற்சி செய்யும் இடம் திருப்பதி பயணத்துக்கு முந்தைய நாள் இல்லை. பைப்புக்குள் சின்னக் காற்றுக் குமிழ் தங்கினாலும் நீங்கள் தவிர்க்க நினைத்த அதே பிரச்சினைதான் வரும். குறையைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை, பிரேக்கைப் பிரிப்பது மெக்கானிக் வேலை.

பாதையில் என்ன கவனிக்க வேண்டும்?

எல்லாம் சரியாக இருந்தாலும், ஓட்டும் விதம் தப்பானால் புதிய பிரேக்கும் சூடாகும். திருமலை மட்டுமல்ல, பலமநேருக்கும் சித்தூருக்கும் இடையே உள்ள மொகிலி மலைச்சாலைக்கும் இதே கணக்குதான்.

ஏற எந்த கியர் தேவைப்பட்டதோ, ஏறக்குறைய அதே கியரில் இறங்குங்கள். ஆட்டோமேட்டிக் கார் என்றால் டி-யில் விட்டுவிடாமல், எல் அல்லது மேனுவல் மோடுக்கு மாற்றுங்கள். பிரேக்கில் காலை ஓய்வாக வைத்திருக்காதீர்கள். வளைவுக்கு முன்பே அழுத்தி வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டுவிடுங்கள். விடும் நேரத்தில்தான் பிரேக் ஆறும். எலக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: மலை மேல் 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிவிட்டு இறங்கினால், பேட்டரியில் இடம் இல்லாததால் ரீஜென் பிரேக்கிங் குறைந்துவிடும். கொஞ்சம் இடம் விட்டு இறங்குங்கள்.

கருகிய வாசனை வருகிறதா, மிதி மெத்தென்று இருக்கிறதா? இன்ஜினை அணைக்காதீர்கள், கியரைக் குறையுங்கள். ஹசார்ட் விளக்கு போட்டு, மிதியை விட்டுவிட்டு அடித்து, ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைச்சுவர் பக்கமாக ஒதுங்கி நிறுத்துங்கள். அரை மணி நேரமாவது ஆறட்டும். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், விரிசல் விழலாம். ஆறிய பிறகு மிதி பழைய நிலைக்கு வந்தாலும் நம்பி இறங்காமல், மெக்கானிக்கையோ உதவி வாகனத்தையோ கூப்பிடுவதே சரி.

நினைவில் வைக்க ஒரு காலண்டர்

மாதம் ஒருமுறை: டயர் காற்று, ஸ்டெப்னி, கூலன்ட் அளவு, விளக்குகள்.
ஆறு மாதத்துக்கு ஒருமுறை: பிரேக் பேட், டயர் பள்ளம், பேட்டரி வோல்ட், வைப்பர்.
2 ஆண்டுகளுக்கு ஒருமுறை: பிரேக் திரவம்.
ஒவ்வொரு மலைப் பயணத்துக்கும் இரண்டு நாள் முன்பு: மேலே சொன்ன எல்லாம். குறை தெரிந்தால் சரிசெய்ய ஒரு நாளாவது கையில் இருக்கும்.

போகிற வழியில் சித்தூர் பக்கம் காணிப்பாக்கத்தில் நிறுத்தி வண்டிக்குப் பூஜை போடுபவர்கள் உண்டு. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிவீர்கள் அல்லவா, அப்படியே பள்ளம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். அன்றைய பயணத்தில் அந்த டயரை நம்பித்தான் வீட்டில் உள்ள எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள்.