பூஞ்சணம் பூத்த திராட்சை

கார்த்திகை பிறந்ததும் திருவனந்தபுரத்து வீடுகள் பலவற்றில் கிறிஸ்துமஸுக்காகப் பீங்கான் ஜாடிகள் கழுவி வைக்கப்படும். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சையோடு சர்க்கரையும் சிறிது கோதுமையும் சேர்த்து வைன் போடுவது இங்குள்ள வழக்கம். நம்மவர் சிலரும் இதனைக் கற்றுக்கொண்டிருக்கின்றனர். உரிமமின்றி மது செய்வது ஆப்காரிச் சட்டப்படி குற்றமாகும் என்று கேரளக் கலால் துறை 2019 டிசம்பரில் எச்சரித்ததையும் இங்கே நினைவூட்ட வேண்டும். ஆனால் இன்று நான் பேச வந்தது சட்டத்தைப் பற்றியன்று.

"ஐரோப்பாவில் அழுகிய பழத்திலிருந்துதான் மிக உயர்ந்த இனிப்பு மதுவைச் செய்கிறார்களாமே! நாம் மட்டும் பூஞ்சணம் பிடித்த குலையை ஏன் எறிய வேண்டும்?" என்று அன்பர் ஒருவர் கேட்டார். கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. ஆகவேதான் விடை சற்று விரிவாக வேண்டியிருக்கிறது.

அவர் குறிப்பிட்ட பூஞ்சணத்தின் பெயர் பொட்ரைட்டிஸ் சினிரியா. முதிர்ந்த திராட்சையின் தோலை அதன் நுண்ணிழைகள் துளைக்கின்றன. துளை வழியே நீர் ஆவியாகிப் பழம் சுருங்குகிறது. சர்க்கரையும் புளிப்பும் உள்ளே செறிகின்றன. பூஞ்சணம் தன் பங்குக்குக் கிளிசராலையும், தேனை நினைவூட்டும் மணத்தையும் சேர்க்கிறது. இத்தகைய சாற்றைப் புளிக்க வைத்தால், சர்க்கரை முழுவதும் தீருமுன்னரே ஈஸ்ட் ஓய்ந்துவிடும். சாராயச் சத்து நூற்றுக்கு 13 அல்லது 14 பங்கை எட்டும்போது, லிட்டருக்கு நூறு கிராமுக்கு மேலும் சர்க்கரை எஞ்சி நிற்கும். வெளியிலிருந்து ஒரு பிடிச் சர்க்கரையும் இடாமல் வந்த இனிப்பு அது.

இவ்வளவும் நிகழ வானிலை ஒத்துழைக்க வேண்டும். பிரான்சு நாட்டுச் சோத்தேர்ன் பகுதியில், சிரோன் என்னும் சிற்றாற்றின் குளிர்ந்த நீர் வெதுவெதுப்பான கரோன் ஆற்றில் கலக்குமிடத்தில் இலையுதிர்காலக் காலையில் மூடுபனி எழும். அந்த ஈரத்தில் பூஞ்சணம் தழைக்கும். நண்பகல் வெயில் பனியை விரட்டிப் பழத்தை உலர்த்தும். அங்கேரி நாட்டுத் தோக்காய் பகுதியில் போத்ரோக், திசா ஆறுகள் இதே பணியைச் செய்கின்றன. வெயில் வராமல் மழை தொடர்ந்தால், அதே பூஞ்சணம் சாம்பல் நிற அழுகலாகிக் குலையையே கெடுத்துவிடும். சுருங்கிய பழங்களை மட்டும் தேர்ந்து பறிக்க, ஆட்கள் வாரக்கணக்கில் ஒரே தோட்டத்துக்குள் மீண்டும் மீண்டும் செல்வர். இத்தனை பாடுபட்டும் ஷாத்தோ திகெம் என்ற புகழ்பெற்ற தோட்டத்தில் ஒரு கொடிக்கு ஏறத்தாழ ஒரு கோப்பை மதுவே கிடைக்கிறது. பழம் தரமாக அமையாமையால் 1992இலும் 2012இலும் அதன் பெயரில் இனிப்பு மது வெளிவரவேயில்லை. நட்டத்தைத் தாங்கிக்கொண்டார்களே தவிர, அழுகலைப் புட்டியில் அடைக்கவில்லை!

கம்பத்திலோ நம் ஊர்ச் சந்தைக் கூடையிலோ இந்தச் சூழல் ஏது? பொட்ரைட்டிஸ் குளிர்ச்சியை நாடுவது. முப்பது டிகிரி வெப்பத்துக்கு மேல் அதன் வளர்ச்சி ஒடுங்கிவிடும். நம் வெப்பத்தில் பழத்தின்மேல் படிவது பெரும்பாலும் ஆஸ்பெர்ஜில்லஸ் போன்ற கரும் பூஞ்சணங்களே. அவற்றுட் சில ஓக்ராடாக்சின் என்னும் நஞ்சைச் சுரக்கும். சிறுநீரகத்துக்குத் தீங்கு செய்யும் அந்நஞ்சு புளிப்பதாலோ காய்ச்சுவதாலோ முற்றிலும் அழிவதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் ஒரு லிட்டர் மதுவில் அதற்கு விதித்துள்ள உச்ச அளவு 2 மைக்ரோகிராம்தான். வீட்டு ஜாடியை அளந்து பார்ப்பவர் யார்?

இன்னொன்று: பழத்தின்மேல் திருநீறு பூசினாற்போல் தோன்றும் மெல்லிய வெண்படலத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அது பழம் தானே சுரந்த மெழுகு; விரலால் தேய்த்தால் போய்விடும். பஞ்சுபோல் எழும்பியோ, கருந்தூள் உதிர்ந்தோ, காடி நாற்றம் வீசியோ இருக்கும் பழத்தையும், அதனை ஒட்டியிருந்த பழங்களையும் உண்ணவும் வேண்டாம். ஜாடியில் இடவும் வேண்டாம்.