அதிசயத்தின் விலை

குண்டசாலைப் பிரதேசத்தைச் சேர்ந்த அமுனுகமையிலே, பெரும் பாறையொன்றைக் குடைந்து அமைத்த தெகல்தொருவ விகாரையின் சுவர்களில், பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தீட்டப்பெற்ற ஜாதகக் கதைச் சித்திரங்கள் இன்றும் நிலைத்திருக்கின்றன. மதுரை நாயக்கர் வழிவந்த கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்க மன்னனின் ஆதரவில், தேவரகம்பொல சில்வத்தென்ன உன்னான்சே முதலிய ஓவியர்கள் வரைந்த அந்தச் சித்திரங்கள், சிவந்த பின்னணியில் நீண்ட பட்டைகளாக ஓடுகின்றன. ஒரே பாத்திரம் காட்சிக்குக் காட்சி மீண்டும் தோன்ற, கதை ஓரிடத்தும் அறுபடாமல் நகர்கிறது. விதானத்திலே மாரனின் கோரச் சேனை பாய்ந்து வருகிறது. சுவரிலே, வெஸ்ஸந்தரன் நாட்டையும் இழந்து, பெற்ற பிள்ளைகளையும் கைப்பிடித்த மனைவியையும்கூடத் தானமாகக் கொடுக்கிறான். சித்திரங்களை வரிசைப்படுத்தி, அற்புதங்கள் நிறைந்த நெடுங்கதையொன்றைச் சொல்லும் கலை இந்த மண்ணுக்கு அந்நியமானதன்று என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பதற்காகவே இதனை நினைவூட்டுகிறேன்.

ஏனெனில், இன்று குண்டசாலையிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ்ஸிலே, வகுப்பு முடிந்து திரும்பும் மாணாக்கர் கைத்தொலைபேசியில் மூழ்கியிருக்கும்போது, அவர்களிற் பலர் பார்ப்பதும் படிப்பதும் ஜப்பானிய அனிமேயும் கொரிய வெப்டூனுமே ஆகும்; அதனைக் காணும் பெரியவர்களோ, "கார்ட்டூன் பார்க்கிற வயசா இது?" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறார்கள். பல ஆண்டுகளாக இக்கதைகளின் அபிமானியாக இருந்துவரும் நான், அந்தத் தீர்ப்பு அவசரமானது என்று கருதுகிறேன். அதே வேளையில், இவற்றுள் நல்லதையும் அல்லாததையும் பிரித்தறிய வேண்டும் என்பதிலும், அவ்வாறு பிரித்தறிவதற்கு ஓர் அளவுகோல் உண்டு என்பதிலும் எனக்கு உறுதியான நம்பிக்கை இருக்கிறது.

இத்துறையை அறியாதவர்களுக்காகச் சில விவரங்களைச் சொல்லுகிறேன். அனிமே என்பது ஜப்பானிலே தயாராகும் உயிரூட்டுச் சித்திரப் படங்களையும் தொடர்களையும் குறிக்கும். ஒசாமு தெசூகாவின் 'ஆஸ்ட்ரோ பாய்' 1963 ஜனவரி முதலாந் தேதி ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கியதிலிருந்து, வாரந்தோறும் ஒரு பகுதி என்னும் வழக்கம் அங்கே வேரூன்றிற்று. அவற்றுட் பல, மங்கா எனப்படும் அச்சுச் சித்திரக் கதைகளிலிருந்து பிறந்தவை. வெப்டூனோ இணையத்துக்கென்றே உருவான கொரியச் சிருஷ்டி. அந்நாட்டில் 2003இல் டாவும் நிறுவனமும் 2004இல் நேவர் நிறுவனமும் தத்தம் இணையதளங்களில் சித்திரக் கதைகளுக்கு இடம் ஒதுக்கின. புத்தகத்தின் பக்கம் என்னும் எல்லை நீங்கியதும், கதை மேலிருந்து கீழாக ஓடத் தொடங்கிற்று. கட்டைவிரலால் திரையைத் தள்ளிக்கொண்டே போகும் வாசகனுக்கு, இரண்டு சித்திரங்களின் நடுவே ஓவியர் விட்டுவைக்கும் வெற்றிடமே காலமாகிறது: இடைவெளி நீண்டால் மௌனம், குறுகினால் வேகம். ஒருவன் பாதாளத்தில் விழும் காட்சியை வாசகனின் விரலே நிகழ்த்துமாறு செய்யும் இந்த யுக்தி, அச்சுப் பக்கத்துக்குக் கைகூடாத ஒன்று.

இனி, நான் சொன்ன அளவுகோலுக்கு வருகிறேன். மந்திரம், அரக்கர், வேற்றுலகம், மறுபிறப்பு ஆகியன எல்லா அற்புதக் கதைகளிலும் உண்டு. ஆகையால் அவை எவ்வளவு இருக்கின்றன என்பதைக்கொண்டு ஒரு கதையின் தரத்தை நிர்ணயிக்க இயலாது. அந்த அற்புதத்துக்காகக் கதை யாரிடம், என்ன விலையைக் கேட்கிறது என்று பார்க்க வேண்டும். விலை கேட்காத அற்புதம் பொழுதைப் போக்கும்; விலை கேட்கும் அற்புதமே மனத்தைப் பண்படுத்தும்.

ஹிரோமு அரகாவா 2001 முதல் 2010 வரை வரைந்த 'ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட்' இதற்குத் தலைசிறந்த உதாரணம். ரசவாதம் தெரிந்த இரண்டு சிறுவர்கள் இறந்துபோன தாயை உயிர்ப்பிக்க முயல்கிறார்கள். அந்த முயற்சியில் மூத்தவன் தன் காலை இழக்க, இளையவன் உடல் முழுவதையும் இழந்துவிடுகிறான். தம்பியின் ஆன்மாவையேனும் ஓர் இரும்புக் கவசத்தில் நிறுத்திவைப்பதற்காக அண்ணன் தன் வலக்கையையும் கொடுக்கிறான். ஒன்றைப் பெற வேண்டுமாயின் அதற்கு ஈடான வேறொன்றைக் கொடுத்தேயாக வேண்டும் என்னும் விதி இக்கதை முழுவதையும் ஆள்கிறது. அரகாவா ஹொக்கைடோவில் ஒரு பாற்பண்ணைக் குடும்பத்திலே வளர்ந்தவர். உழைத்தாலன்றி உணவில்லை என்று வாழ்ந்த பெற்றோரின் வாழ்க்கையிலிருந்தே இந்த விதியின் கரு தமக்குக் கிடைத்தது என்று அவர் சொல்லியிருக்கிறார். விவசாயக் கல்லூரியையும் வயல்களையும் நித்தம் கண்டு வாழும் குண்டசாலை மக்களுக்கு இந்த நியாயத்தை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கதையின் முடிவிலே, தம்பியை மீட்பதற்காக அண்ணன் எதை விலையாகக் கொடுக்கிறான் என்பதை நான் இங்கே வெளியிட மாட்டேன். ஆயினும், வல்லமையை ஈட்டுவதைக் காட்டிலும் அதனைத் துறப்பது பெரிது என்று இவ்வளவு தெளிவாகச் சொன்ன சித்திரக் கதை வேறொன்றை நான் அறியேன்.

'ஃப்ரீரென்' கேட்கும் விலை இதனினும் சூட்சுமமானது. கனேஹிதோ யமாதா எழுத, த்சுகாசா அபே வரைய, 2020இல் மங்காவாகத் தொடங்கிய இக்கதை, 2023 செப்டெம்பரில் மேட்ஹவுஸ் நிறுவனத்தின் தயாரிப்பில் அனிமேயாக வெளிவந்தது. சாதாரணக் கதைகள் எங்கே முடிகின்றனவோ, அங்கேதான் இது தொடங்குகிறது. அரக்கர் வேந்தனை வீழ்த்திய நான்கு வீரர்கள் பத்தாண்டுப் பயணம் முடிந்து ஊர் திரும்புகிறார்கள். அவர்களுள் ஒருத்தியான ஃப்ரீரென், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழும் குலத்தவள். அவளுக்குப் பத்தாண்டு ஒரு கணப்பொழுது. ஐம்பது ஆண்டுகள் கழித்து அவள் தோழர்களைத் தேடி வரும்போது, தலைவனாக இருந்த ஹிம்மெல் முதியவனாகி நிற்கிறான். சிறிது காலத்தில் இறந்தும் போகிறான். அவனுடைய ஈமச் சடங்கிலேதான், அத்தனை காலம் உடனிருந்தும் அவனை அறிந்துகொள்ள ஒரு சிறு பிரயத்தனமும் செய்யவில்லையே என்று அவள் முதன்முறையாகக் கண்ணீர் விடுகிறாள். அதன்பின் அவள் மேற்கொள்ளும் பயணம் முழுவதும் அந்தக் கடனைத் தீர்க்கும் பயணமே. பூக்களை மலரச் செய்யும் மந்திரம் போன்ற, போருக்கு எவ்வகையிலும் உதவாத சிறு மந்திரங்களை அவள் ஆசையோடு சேகரித்துச் செல்லும் இடங்கள் இக்கதையின் மிக உயர்ந்த பகுதிகள் என்பது என் துணிபு. பெற்றோர் உள்ளபோதே அவர்களை அறிந்துகொள்ளாமல், மூன்றாம் மாதத் திவசத்தன்று அவர்களுடைய பழைய கடிதங்களைப் புரட்டும் எந்தப் பிள்ளைக்கும் இந்தக் கதை புரியும்.

இவ்வளவு சிறப்பாகப் பேசியபின், இத்துறையின் பலவீனத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சாமானியன் ஒருவன் விபத்தில் இறந்து, மாய உலகமொன்றிலே பேராற்றலோடு மறுபடி பிறக்கும் கதைகள், கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக ஜப்பானில் வெள்ளமெனப் பெருகிவிட்டன. அவற்றிற் பெரும்பாலானவற்றோடு எனக்கு உடன்பாடில்லை. மறுபிறப்பு என்பது நமக்குப் புதிய சங்கதி அன்று. சைவரும் பௌத்தரும் அருகருகே வாழும் இந்த மலைநாட்டிலே, பிறவி என்பது முன்செய்த வினையின் கணக்கு என்பதைச் சிறுவரும் அறிவர். கணக்கே இல்லாத மறுபிறப்பு, பழைய சட்டையைக் கழற்றிப் புதியதை மாட்டிக்கொள்வதற்கு மேல் ஒன்றுமில்லை. இதற்கு விதிவிலக்குகளும் உண்டு. தப்பெய் நாகத்சுகியின் 'ரீ:ஜீரோ' நாயகன், இறக்குந்தோறும் முன்னொரு கணத்துக்குத் திரும்பும் வரம் பெற்றவன். ஆனால் ஒவ்வொரு மரணத்தின் வேதனையையும் முழுமையாக அனுபவித்து, அதனை எவரிடமும் வாய்விட்டுச் சொல்லவும் இயலாமல் தனித்து நிற்கிறான். வரமே சாபமாகும் அந்த அமைப்பினால், ஒரு தேய்ந்த சம்பிரதாயம் அங்கே உயிர்பெற்றுவிட்டது.

கொரியக் கதைகளின் ஸ்வரூபம் வேறு. அவற்றின் மூலசக்தி தரவரிசை. சுகோங் எழுதிய நாவலைத் தழுவி, 2018 முதல் 2021 வரை வெப்டூனாக வெளிவந்து, 2024 ஜனவரியில் அனிமேயாகவும் தோன்றிய 'சோலோ லெவலிங்' கதையிலே, வேட்டைக்காரர்கள் எல்லாரும் படித்தரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறார்கள். ஒருமுறை விதிக்கப்பட்ட தரம் பின்னர் மாறுவதில்லை. நாயகன் சுங் ஜின்-வூ அந்த வரிசையின் கடைசிப் படியில் நிற்பவன். நினைவிழந்து வைத்தியசாலையில் கிடக்கும் தாய்க்காகவும், பள்ளிக்கூடம் போகும் தங்கைக்காகவும் தினந்தோறும் உயிரைப் பணயம் வைக்கிறான். மரணத்தின் விளிம்பிலே, அவனொருவனுக்கு மட்டும் தரத்தை உயர்த்திக்கொள்ளும் வழி திறக்கிறது. ஆங்கிலத் தேர்வில் மாணாக்கர் செவிமடுக்கும் நேரத்துக்காக விமானங்களின் ஏற்ற இறக்கத்தையே நிறுத்திவைக்கும் அளவுக்குப் பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சையைப் போற்றும் ஒரு தேசத்திலே இப்படியொரு கதை பிறந்ததில் வியப்பில்லை. அது இங்கே இவ்வளவு ஆவலோடு படிக்கப்படுவதிலும் வியப்பில்லை. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் தொடங்கி, உயர்தரத்தின் இசட் புள்ளியும் மாவட்ட வரிசையும் வரைக்கும் எண்களாலேயே அளக்கப்பட்டு வளரும் நம் பிள்ளைகளும், வேலை தேடிக் கொரியாவுக்குப் போவதற்காக அந்நாட்டு மொழிப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் இளைஞர்களும், கடைசித் தரத்து வேட்டைக்காரனைக் கண்டதும் இவன் நம்மவன் என்று உணர்ந்துகொள்கிறார்கள்.

ஆயினும் என் அளவுகோலை இங்கேயும் வைத்துப் பார்க்கிறேன். தொடக்கத்திலே விலை இருக்கிறது: நாள்தோறும் நூறு தண்டால், நூறு குந்தல், பத்துக் கிலோமீற்றர் ஓட்டம், தவறினால் தண்டனை. இடைப்பகுதியிலோ நாயகன் எவராலும் வெல்லப்படாதவனாகிவிட, கதை தன் கேள்வியை மறந்து வெற்றிகளை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறது. சித்திரங்களின் பிரமிப்பால் அந்தக் குறை மறைகிறதேயன்றித் தீர்வதில்லை. இறுதியில், உலகம் தன்னை மறந்தாலும் பரவாயில்லை என்று அவன் தன்னந்தனியாக நீண்ட காலம் போரிடத் துணியும்போதுதான் கதை பழைய கௌரவத்தை மீட்டுக்கொள்கிறது. இதனினும் 'ஓம்னிசியன்ட் ரீடர்' என்னும் கொரியக் கதை என் உள்ளத்துக்கு நெருக்கமானது. எவரும் படிக்காத நெடுங்கதையொன்றைப் பத்தாண்டுகளுக்கு மேலாக ஒருவன் மட்டும் விடாமல் படித்து முடிக்கிறான். மறுநாள் உலகமே அந்தக் கதையாக மாறிவிடுகிறது. நடக்கப்போவதை அறிந்தவன், அந்த அறிவைக்கொண்டு தன்னைக் காப்பானா, பிறரைக் காப்பானா என்பதே அங்கே எழும் கேள்வி. படிப்பவனுக்கும் பொறுப்பு உண்டு என்று சொல்லும் கதை அது.

விலையைப் பற்றிப் பேசும்போது, கதைக்கு வெளியே செலுத்தப்படும் விலையையும் நாம் மறக்கலாகாது. 'சோலோ லெவலிங்' சித்திரங்களை வரைந்த ஜங் சுங்-ராக், நாட்பட்ட நோயோடு வாழ்ந்து, 2022 ஜூலையில் மூளையில் ஏற்பட்ட இரத்தக்கசிவால் 37ஆம் வயதிலே காலமானார். வாரந்தோறும் வண்ணச் சித்திரங்களை வரைந்து தரவேண்டிய வெப்டூன் ஓவியர்களின் வேலைச்சுமையையும் உடல்நலத்தையும் பற்றிய விவாதம் அதன்பின் கொரியாவிலே வலுத்தது. களவாகப் பிரதி செய்த பக்கங்களில் இலவசமாகப் படித்துவிட்டு, அடுத்த பகுதி ஏன் தாமதம் என்று கோபிக்கும் ரசிகர்கள் இதனைச் சற்றே சிந்திக்க வேண்டும். நேரான வழியிற் படிப்பதே அபிமானிக்கு முதற்கடமை.

நமக்கும் இந்தக் கலைக்கும் உள்ள தொடர்பு, வெறும் பார்வையாளர் என்ற அளவோடு நிற்பதில்லை. யூகோ சாகோ என்னும் ஜப்பானியர், இராமாயணத் தொல்லியல் அகழ்வுகளைப் பற்றி ஆவணப்படம் எடுக்க 1983இல் இந்தியா வந்து, அக்காவியத்தில் மனத்தைப் பறிகொடுத்து, ராம் மோகன் முதலியோருடன் சேர்ந்து இராமாயணத்தையே அனிமேயாக்கினார். 1990களின் தொடக்கத்தில் உருவான அந்தப் படம் 2025 ஜனவரியில் தமிழ் முதலிய மொழிகளில் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. இலங்கையிலோ, ஜப்பானிய அரசின் கொடையால் 1982இல் ரூபவாஹினித் தொலைக்காட்சி நிறுவப்பட்டபின், டைட்டஸ் தொட்டவத்த அங்கே வெளிநாட்டுச் சித்திரத் தொடர்களைச் சிங்களத்தின் சொந்தச் சொத்துப்போல் ஆக்கிக் காட்டினார். அந்தப் பேறு தமிழுக்கும் வாய்க்க வேண்டும். 'சோலோ லெவலிங்' இப்போது தமிழிலும் குரல் பெற்றிருப்பது நல்ல ஆரம்பம்; அந்தத் தமிழ், கண்டியிலும் மட்டக்களப்பிலும் வாழும் ஒரு பிள்ளையின் செவிக்கும் இயல்பாக ஒலிக்குமாறு செம்மைப்பட வேண்டும். அதற்கும் மேலாக, மாரன் சேனையைச் சுவரிலே கண்டு வளரும் இந்தப் பள்ளத்தாக்கின் இளைஞர்கள், தங்களுடைய கதைகளைத் தாங்களே வரைய வேண்டும். தூரிகையும் சுவரும் வேண்டியிருந்த காலம் போய், கைத்தொலைபேசியே போதும் என்ற காலம் வந்திருக்கிறது.

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் என் விண்ணப்பம் ஒன்றே. பிள்ளை பார்ப்பதைத் தடுப்பதற்கு முன், 'ஃப்ரீரென்' தொடரின் முதல் நான்கு பகுதிகளை அவனோடு உட்கார்ந்து பாருங்கள். பார்த்து முடிந்ததும், இந்த நாயகி எதைப் பெற்றாள், அதற்காக எதைக் கொடுத்தாள் என்று கேளுங்கள். பின்னர் அவனுக்குப் பிடித்த வேறு கதைகளைப் பற்றியும் அதே கேள்வியைக் கேளுங்கள். சில கதைகளுக்கு அவனிடம் நீண்ட பதில் இருக்கும். சிலவற்றுக்கு ஒன்றும் இராது. எந்தக் கதையை மறுபடி பார்க்க வேண்டும், எதனை விட்டுவிடலாம் என்பதை அந்தக் கணத்திலே அவனே தீர்மானித்துக்கொள்வான். தடையினால் ஒருபோதும் வராத விவேகம், ரசனையினால் வரும்.