நாற்பது திருடரும் ஒரு தனியாளும்

சீட்டாட்டம் என்றதும் சூதினை நினைந்து முகஞ்சுளிப்போர் நம்மிடையே பலர். பொருள் வைத்து ஆடும் ஆட்டம் குடியைக் கெடுக்கும் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆயின், எதிரியுமின்றிப் பந்தயமுமின்றி ஒருவர் தம்மொடு தாமே ஆடும் சீட்டாட்டமும் உண்டு. ஆங்கிலேயர் அதனைப் 'பேஷன்ஸ்' என்பர். பொறுமை என்பது அச்சொல்லின் பொருள். அமெரிக்கர் 'சொலிட்டேர்' என்பர். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வட ஐரோப்பாவில் பரவத் தொடங்கிய அவ்வாட்டங்களுள், இரண்டு கட்டுச் சீட்டுக்களைக் கொண்டு ஆடும் 'நாற்பது திருடர்' என்னும் ஆட்டத்தையே ஈண்டு வாசகர்க்கு அறிமுகஞ் செய்ய விழைகின்றேன்.

1956இல் வெளிவந்த திரைப்படத்தாலும் அராபியக் கதையாலும் அலிபாபாவையும் அவனெதிர் நின்ற நாற்பது திருடரையும் நாம் நன்கறிவோம். இவ்வாட்டத்தில் முதற்கண் பரப்பப்படும் நாற்பது சீட்டுக்களே அத்திருடர்கள். 'செயின்ற் ஹெலினாவில் நெப்போலியன்' என்னும் மற்றொரு பெயரும் இதற்குண்டு. 1815ஆம் ஆண்டு அத்தீவிற்கு நாடுகடத்தப்பட்டு, 1821இல் அங்கேயே உயிர்நீத்த பேரரசனின் தனிமையை நினைந்தே அப்பெயரைச் சூட்டினர் போலும்.

ஆடும் முறை இதுவாகும். இரண்டு கட்டுக்களினின்றும் ஜோக்கர்களை நீக்கினால் எஞ்சுவன 104 சீட்டுக்கள். அவற்றை நன்கு கலைத்து, பத்து வரிசைகளாக, வரிசைக்கு நான்கு சீட்டுக்கள் வீதம், முகம் மேல்நோக்கப் பரப்புதல் வேண்டும். மிகுதியான 64 சீட்டுக்களைக் கவிழ்த்துக் கையிருப்பாக வைத்துக்கொள்க. ஆசு வெளிப்படுந்தோறும் அதனைத் தனியே எடுத்து மேலே வைத்தல் வேண்டும். இவ்வாறு அமையும் அடித்தளங்கள் எட்டு. ஒவ்வோர் ஆசின்மேலும் அதன் இனத்துச் சீட்டுக்களையே இரண்டு, மூன்று என்று ஏறுமுகமாக அடுக்கி, வீரன், இராணி ஆகியவற்றைக் கடந்து இராசா வரை கொண்டு செல்வதே நோக்கம். எட்டு அடுக்குக்களும் நிறைந்தால் வெற்றி.

கீழேயுள்ள பத்து வரிசைகளிலோ அடுக்குதல் இறங்குமுகமாகும். அங்கும் இனம் மாறலாகாது. இஸ்கோப்பன் ஒன்பதின்மேல் இஸ்கோப்பன் எட்டினை வைக்கலாம். ஆட்டின் எட்டினை வைத்தல் கூடாது. ஒரு வேளையில் ஒரு சீட்டினையே, அதுவும் வரிசையின் நுனியிலுள்ளதனையே, நகர்த்தலாம். ஒரு வரிசை முற்றாகக் காலியானால், அவ்விடத்தில் எந்தச் சீட்டினையும் வைக்கலாம். நகர்த்த வழியில்லாதபோது, அல்லது நகர்த்த மனமில்லாதபோது, கையிருப்பினின்று ஒரு சீட்டினைப் புரட்டுக. அது எங்கும் பொருந்தாதாயின் ஒதுக்குக் குவியலிற் சேரும். அக்குவியலின் மேற்சீட்டு மட்டும் எப்பொழுதும் பயன்படும். கையிருப்பை ஒருமுறையே புரட்டலாம். மறுமுறை என்பது இல்லை.

விதிகள் இவ்வளவே. ஆயினும் ஆடத் தொடங்கியவர்க்கே அவற்றின் கடுமை புலனாகும். பொருந்துகின்றது என்பதற்காக ஒரு சீட்டினை நகர்த்துதல் புதியவர் இயல்பு. எட்டினை ஒன்பதின்மேல் வைக்கும்போது ஒன்பதின் கீழுள்ள அனைத்தையும் பூட்டிவிடுகின்றோம். ஆதலின், நகர்த்தும் சீட்டு எதனை விடுவிக்கின்றது, எதனை மறைக்கின்றது என்னும் இரு வினாக்களையும் முன்னரே எழுப்புதல் வேண்டும். ஆசும் இரண்டும் மூன்றும் எவ்வரிசையின் அடியிற் கிடக்கின்றன என்று பார்த்து, அவ்வரிசையையே முதலில் அகழ்க.

எல்லாவற்றினும் மேலானது காலியிடம். ஒரு காலியிடம் கிடைத்தால், ஒன்றன்மேல் ஒன்றாய் அமைந்த இரு சீட்டுக்களைப் பெயர்க்கலாம்: மேலதனை அங்கே வைத்து, கீழதனை உரிய இடஞ் சேர்த்து, மீண்டும் மேலதனை அதன்மீது கொணரலாம்; காலியிடமும் நம்மிடமே எஞ்சும். அவ்விடத்தில் அவசரப்பட்டு ஓர் இராசாவை வைத்துவிட்டால், அவ்வரிசை பெரும்பாலும் ஆட்டம் முடியும் வரை காலியாகாது. வரிசைகளில் இராசாவைத் தாங்கவல்ல சீட்டு வேறில்லை. மேலே செல்வதாயின், அதன் இனத்துப் பன்னிரண்டு சீட்டுக்களும் முன் செல்ல வேண்டும்.

இத்துணை எண்ணி ஆடினும் தோல்வியே பெரும்பான்மை. என் அனுபவத்திற் பல மாலைகள் ஒரு வெற்றியுமின்றிக் கழிந்துள்ளன. அத்தோல்வி சீட்டு விழுந்த விதியாலா, என் மதிக்குறைவாலா என்னும் வினா என்னை விடுவதில்லை. விதியின் பங்கு எவ்வளவு என்று அளக்க முனைந்த கணித அறிஞர் ஒருவரும் உளர். 1946ஆம் ஆண்டு நோயினின்று தேறிவந்த ஸ்டானிஸ்லாவ் உலாம், 'கான்ஃபீல்ட்' என்னும் ஒருகட்டுத் தனியாட்டத்தை ஆடுங்கால், அது வெற்றியாக முடியும் வாய்ப்பு யாதெனக் கணிக்க முயன்றார். கணக்கு கைக்கடங்கவில்லை. நூறுமுறை ஆடி, வென்றவற்றை எண்ணினாலென்ன என்று சிந்தித்தார். அவரும் ஜான் வான் நியூமனும் அவ்வெண்ணத்தை வளர்த்தெடுத்தனர். அணுக்கரு ஆய்வு முதலாகப் பல துறைகளில் இன்று பயன்படும் 'மொண்டே கார்லோ' கணிப்பு முறை அவ்வாறு பிறந்ததே.

இவ்வாட்டத்தை நான் போற்றுதற்கு மற்றுமொரு காரணம் உண்டு. இதில் நடுவர் இல்லை. வேண்டுமானால் அடியிலுள்ள ஆசினை உருவி மேலே வைக்கலாம், கையிருப்பை மறுமுறையும் புரட்டலாம், தடுப்பார் எவருமிலர். கணினியில் ஆடுவோர்க்கு வைத்த சீட்டினை மீட்டெடுக்கும் வசதியும் பல வேளைகளிற் கிட்டுகின்றது. ஆயினும் அவ்வாறு பெறும் வெற்றி இனிப்பதில்லை. பரீட்சை மண்டபத்திற் கண்காணிப்பாளர் இருத்தலால் நேர்மையாய் எழுதும் மாணவனுக்கும், அவர் வெளியே சென்ற பின்னரும் தன் தாளையே நோக்கியிருக்கும் மாணவனுக்கும் உள்ள வேறுபாட்டினை ஆசிரியர்கள் அறிவார்கள். அவ்வேறுபாட்டினை நமக்குள்ளே நாமே சோதித்தறிய இரண்டு கட்டுச் சீட்டும் ஒரு மேசையும் போதும். விருப்பமுடையோர் ஒரு விடுமுறை நாளில் நாற்பது சீட்டுக்களையும் பரப்பிப் பார்ப்பாராக.