மறைநூலா, திருச்சபையா? தரங்கம்பாடி – வீரமாமுனிவர் விவாதத்தின் அடித்தளம்

முன்னுரை

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தரங்கம்பாடி லுத்தரன் சபையினருக்கும் வீரமாமுனிவருக்கும் இடையே நிகழ்ந்த கண்டன விவாதம் பெரும்பாலும் மொழிநடை பற்றிய பூசலாகவே எடுத்துரைக்கப்படுகிறது. ஒரு சாரார் எளிய வழக்குத் தமிழை நாடினர். மறு சாரார் செந்தமிழை நாடினர் என்பது அவ்விளக்கத்தின் சாரம். இது பிழையன்று, ஆயினும் முழுமையானதன்று. அப்பூசலின் அடியில், கிறித்தவ நம்பிக்கைக்கு இறுதிச் சான்று எது என்னும் சமயவியல் வினா அமைந்துள்ளது. மறைநூல் மட்டுமே சான்றாகுமா? அன்றி, அம்மறைநூலைக் காத்து விளக்கும் திருச்சபையும் அதன் மரபும் உடன் சான்றாகுமா? இவ்வினாவுக்கு அளிக்கப்பெற்ற விடைகள் தமிழில் எத்தகைய நூல்கள் தோன்றின என்பதனையும் பாதித்தன. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஐரோப்பியப் பின்னணி

1519-ஆம் ஆண்டு லைப்சிக் நகரில் யோகான் எக் என்னும் கத்தோலிக்க அறிஞருடன் நிகழ்த்திய சொற்போரில், திருத்தந்தையரேயன்றிப் பொதுச்சங்கங்களும் தவறக்கூடும் என்று மார்ட்டின் லுத்தர் கூறினார். 1521-ஆம் ஆண்டு வோர்ம்சு பேரவையில், மறைநூலாலோ தெளிவான அறிவுக்காரணத்தாலோ மெய்ப்பிக்கப்பட்டாலன்றித் தம் கருத்துகளைக் கைவிட இயலாது என உறுதிபட உரைத்தார். 'மறைநூல் மட்டுமே' என்று பிற்காலத்தில் வழங்கிய கொள்கை இந்நிலைப்பாட்டினின்று கிளைத்ததாகும். இக்கொள்கை பழைய விசுவாச அறிக்கைகளையும் சங்கங்களையும் முற்றாகப் புறந்தள்ளவில்லை. அவை அனைத்தும் மறைநூலால் அளக்கப்பட வேண்டியவை என்றே வலியுறுத்தியது. இறுதி அளவுகோல் மறைநூலாயின், அதனை எல்லாரும் படித்தல் வேண்டும். எனவே லுத்தரின் செருமானிய மொழிபெயர்ப்பு (புதிய ஏற்பாடு 1522, முழு நூல் 1534) அக்கொள்கையின் நேரடி விளைவு எனலாம்.

இதற்கு மறுமொழியாகத் திரெந்து பொதுச்சங்கம் 1546-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் நாள் தன் நிலைப்பாட்டை வரையறுத்தது. மறைநூலும், திருத்தூதர் வழிவந்த எழுதப்படாத மரபுகளும் ஒத்த பற்றுடன் ஏற்கத்தக்கவை. மறைநூலின் மெய்ப்பொருளைத் தீர்மானிக்கும் உரிமை திருச்சபைக்கே உரியது. வழக்கிலிருந்த இலத்தீன் பெயர்ப்பே பொதுப் பயன்பாட்டுக்கு உரிய நம்பத்தக்க பாடம் என்பன அதன் முடிவுகள்.

இரு தரப்பினரும் மறைநூலிலிருந்தே சான்று காட்டினர் என்பது கருதத்தக்கது. மறைநூல் இறை ஏவுதலால் ஆனது என்று கூறும் திமொத்தேயுவுக்கான இரண்டாம் திருமுகத்தைச் சீர்திருத்தச் சபையார் எடுத்துக்காட்டினர். வாய்மொழியாகவும் எழுத்து வழியாகவும் பெற்ற மரபுகளைப் பற்றிக்கொள்ளுமாறு பணிக்கும் தெசலோனிக்கருக்கான இரண்டாம் திருமுகத்தைக் கத்தோலிக்கர் முன்வைத்தனர்.

இவ்விவாதத்தின் மிகக் கடினமான முடிச்சு நூல்வரையறை பற்றியதாகும். மறைநூலில் அடங்கும் நூல்கள் எவை என்னும் பட்டியல் எந்த மறைநூலிலும் இல்லை. 367-ஆம் ஆண்டு அத்தனாசியார் தம் மடலில் தந்த பட்டியலும், 397-ஆம் ஆண்டு கார்த்தேசு சங்கத்தின் முடிவும் திருச்சபை வழக்கின்வழி உருவானவை. ஆகவே திருச்சபையின் சான்றின்றி மறைநூலை அறிவது எவ்வாறு என்று கத்தோலிக்கர் வினவினர். திருச்சபை மறைநூலைப் படைக்கவில்லை; முன்னரே அதிகாரமுடைய ஒன்றனை இனங்கண்டு ஏற்றது மட்டுமே என்று மறுதரப்பினர் விடையளித்தனர். சீர்திருத்தச் சபையாரின் பட்டியல் 66 நூல்களாகவும், கத்தோலிக்கப் பட்டியல் 73 நூல்களாகவும் வேறுபட்டு நிற்பது இவ்வேறுபாட்டின் புலப்படும் அடையாளமாகும்.

தமிழில் இவ்விவாதம்

தமிழில் அச்சான தொடக்ககாலக் கிறித்தவ நூல்களை இப்பின்னணியில் நோக்கின் ஓர் ஒழுங்கு புலப்படும். அன்றீக்கு அடிகளார் 1578-இல் கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்', திருச்சபைக் கோட்பாடுகளையும் மன்றாட்டுகளையும் உள்ளடக்கியது. 1586-இல் வெளிவந்த 'அடியார் வரலாறு' புனிதர் சரிதைகளைக் கூறுவது. மறைநூலின் முழுப் பெயர்ப்பு அவர்தம் முதற்பணியாக அமையவில்லை. நம்பிக்கை திருச்சபையின் போதனை வழியாக வந்து சேர்கிறது என்னும் பார்வைக்கு இத்தேர்வு இயல்பானதே.

1706-இல் தரங்கம்பாடியை அடைந்த சீகன்பால்கு வேறு வழியைத் தேர்ந்தார். 1708-இல் புதிய ஏற்பாட்டைக் கிரேக்க மூலத்திலிருந்து பெயர்க்கத் தொடங்கி 1711-இல் நிறைவு செய்தார். 1715-இல் அது முழுமையாக அச்சேறியது. இந்திய மொழியொன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுவே. மறைநூலே அளவுகோல் என்போர்க்கு, வாசிக்கத் தெரிந்த எளியவரும் அதனைப் புரிந்துகொள்ளல் இன்றியமையாதது. அவர் பள்ளிகளை நிறுவியதும் வழக்குச் சொற்களைக் கையாண்டதும் இக்கொள்கையோடு பிணைந்தவை.

சீகன்பால்கு 1719-இல் மறைந்தார். அவருக்குப் பின்வந்த லுத்தரன் குருமாருடன் வீரமாமுனிவர் வாதிட்டார். தரங்கம்பாடியார் வெளியிட்ட 'திருச்சபைப் பேதகம்' என்னும் நூலுக்குப் 'பேதகம் மறுத்தல்' விடையாயிற்று. 'வேத விளக்கம்', 'லுத்தேரினத்தியல்பு' ஆகியனவும் இவ்வகையின. தரங்கம்பாடிப் பெயர்ப்பின் மொழியை அவர் கடுமையாகச் சாடினார். இச்சாடலை நடைச்சுவை சார்ந்ததாக மட்டும் கொள்ளலாகாது. திருச்சபையின் இசைவின்றிச் செய்யப்பட்ட பெயர்ப்பில் சொல் வழுவினால் பொருளும் வழுவும். பொருள் வழுவினால் நம்பிக்கையும் வழுவும் என்பது கத்தோலிக்க நிலைப்பாட்டின் உள்ளடக்கம். அவர் உரைநடையில் இயற்றிய 'வேதியர் ஒழுக்கம்' உபதேசியார்க்கு உரியது. மக்களுக்குப் போதனையைக் கொண்டு சேர்ப்போரை உருவாக்குதலே ஈண்டு முதன்மை பெறுகிறது.

'தேம்பாவணி'யும் இந்நோக்கில் கருதத்தக்கது. நற்செய்தி நூல்களில் புனித சூசையப்பரைப் பற்றிய செய்திகள் மிகச் சிலவே. அவரைத் தலைவராக்கி 36 படலங்களில் 3615 பாடல்கள் இயற்றுவதற்கு, ஆகிரத மரியாள் என்னும் எசுப்பானியத் துறவியின் நூல் முதலான பக்தி மரபுச் செய்திகள் துணைநின்றன. மறைநூலை மட்டுமே எல்லையாகக் கொண்ட ஒருவரிடமிருந்து இக்காப்பியம் இதே வடிவில் பிறந்திருத்தல் அரிது.

ஒன்றையொன்று சார்தல்

எனினும் இரு நிலைப்பாடுகளும் நடைமுறையில் ஒன்றையொன்று சார்ந்தே இயங்கின. சீகன்பால்கு தமக்கு வேண்டிய கிறித்தவக் கலைச்சொற்கள் பலவற்றை இயேசு சபையார் விட்டுச்சென்ற தமிழ் நூல்களிலிருந்தே கற்றார். மறைநூலோடு லுத்தரின் சிறிய ஞானோபதேசத்தையும் தமிழாக்கினார். மறைநூல் மட்டுமே போதும் என்றோர்க்கும் அதனை வாசிக்கும் நெறியைக் கற்பிக்க ஒரு விளக்க நூல் தேவைப்பட்டமையை இது காட்டுகிறது.

பிற்காலத்தில் இவ்விடைவெளி ஓரளவு குறுகியது. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏடு, மறைநூலும் மரபும் ஒரே இறை ஊற்றினின்று பெருகுவன என்றும், திருச்சபையின் ஆசிரியப் பணி இறைவாக்குக்கு மேற்பட்டதன்று, அதற்குத் தொண்டு புரிவதே என்றும் விளக்கியது. எனினும் அதிகாரபூர்வமாக விளக்கும் உரிமையை அப்பணியினிடமே நிறுத்தியது. தமிழில் 1995-இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் இணைந்து 'திருவிவிலியம்' பொது மொழிபெயர்ப்பை வெளியிட்டனர். வேறுபாட்டுக்குரிய நூல்கள் அதில் 'இணைத் திருமுறை' எனப் பெயர் பெற்றன. மொழியில் ஒன்றுபட்டோர் நூல்வரையறையில் தத்தம் நிலையை விட்டுக்கொடுக்கவில்லை என்பதனை இப்பெயரே உணர்த்தும்.

முடிவுரை

தரங்கம்பாடியாரின் எளிய நடையும் வீரமாமுனிவரின் செவ்விய நடையும் அவரவர் மொழித்திறனை மட்டும் பொறுத்தவையல்ல. நம்பிக்கை எங்கிருந்து வருகிறது, அதனை விளக்கும் உரிமை யாருக்குண்டு என்பன பற்றிய கொள்கைகளின் சாயல் அவற்றில் படிந்துள்ளது. நடையை மட்டும் ஒப்பிட்டு ஒருவரை உயர்த்தி மற்றவரைத் தாழ்த்தும் மதிப்பீடு இருவர்க்கும் நீதி செய்வதாகாது. மாணவர்க்கு இப்பகுதியைக் கற்பிக்கும்போது, 'யாருடைய தமிழ் சிறந்தது?' என்னும் வினாவுக்கு முன்னர், 'யாருக்காக, எதனைச் சான்றாகக் கொண்டு எழுதப்பட்டது?' என்னும் வினாவை எழுப்புதல் ஆசிரியர் கடனாகும்.