பொத்தான் வந்தது, மேக்ரோ வரவில்லை

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. ஆஃபிஸ் 2016, ஆஃபிஸ் 2019 இரண்டுக்கும் அதே நாள்தான் கெடு. பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது; டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இருந்தால்தான் ஏறுவேன் என்கிறது. மலேசியாவில் டெங்கிலிலிருந்து கிள்ளான் வரை பள்ளி, வழக்கறிஞர் அலுவலகம், கோயில் நிர்வாகம் என்று எங்கும் கணினியை மாற்றியே ஆகவேண்டிய நிலை.

மாற்றும்போது ஆவணங்களையும் படங்களையும் யாரும் மறப்பதில்லை. மறந்துபோவது வேர்டுக்குள் ஒளிந்திருக்கும் மேக்ரோக்கள். அவற்றை எழுதியவர் பள்ளி மாறியிருப்பார், அல்லது ஓய்வு பெற்றிருப்பார். புதுக் கணினியில் பழக்கப்பட்ட இடத்தில் பொத்தான் இருக்கும். அழுத்தினால், மேக்ரோவைக் காணவில்லை அல்லது பாதுகாப்பு அமைப்பு அதை முடக்கியிருக்கிறது என்று ஒரு செய்தி எட்டிப்பார்க்கும். ஏன் இப்படி ஆகிறது, எப்படிச் சரிசெய்வது என்பதை விளக்குவதே இந்தக் கட்டுரை.

டெங்கிலுக்குப் பக்கத்திலேயே 1997இல் திறக்கப்பட்ட சைபர்ஜெயா இருக்கிறது. 1999இல் பிரதமர் அலுவலகம் குடிபுகுந்த புத்ராஜெயா இருக்கிறது. அங்குள்ள பெரிய அலுவலகங்களில் இதையெல்லாம் பார்த்துக்கொள்ளத் தனிப் பிரிவே உண்டு. புத்ராஜெயாவுக்கு இடம்விட்டு தாமான் பெர்மாத்தாவுக்கு வந்த பிராங் புசார் வட்டாரத் தோட்டக் குடும்பங்கள் நடத்தும் சங்கத்துக்கோ கோயிலுக்கோ அப்படி யார் இருக்கிறார்கள்? கணினி தெரிந்த ஒருவர் எழுதிக்கொடுத்ததுதான் எல்லாம். அது போனால், திரும்ப எழுதிக்கொடுக்க ஆள் தேடி அலைய வேண்டும்.

மேக்ரோ என்பது திரும்பத் திரும்பச் செய்யும் வேலையை ஒரே கட்டளையாகச் சுருக்கி வைப்பது. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களின் நாள் பாடத்திட்டத்தை எடுத்துக்கொள்வோம். தேதி, வாரம், வகுப்பு, உள்ளடக்கத் தரம், கற்றல் தரம், நோக்கம், சிந்தனை மீட்சி என்று தினமும் அதே கட்டங்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் அட்டவணை விரிந்து, அன்றைய தேதியும் நிரம்பி, எழுத்துரு சரியான அளவில் நிற்கிறது என்றால் அதற்குப் பின்னால் மேக்ரோ இருக்கிறது. நாளுக்குப் பத்து நிமிடம் மிச்சமானாலும் ஓர் ஆசிரியருக்கு அது பெரிய உதவி.

இதில் பலருக்கும் தெரியாத உண்மை ஒன்று உண்டு. மேக்ரோ, அதை இயக்கும் பொத்தான், அதற்குக் கொடுத்த குறுக்குவிசை ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. மேக்ரோ இருப்பது வழக்கமாக ஒரு வார்ப்புருவுக்குள் (டெம்ப்ளேட்). தனியாக இடம் சொல்லாமல் பதிவுசெய்தால், அது நார்மல்.டாட்எம் என்ற பொது வார்ப்புருவில் 'நியூமேக்ரோஸ்' என்ற மாட்யூலுக்குள் போய் உட்காரும். குறுக்குவிசையும் வார்ப்புருவில்தான் சேமிக்கப்படுகிறது. மேலே ரிப்பனிலோ விரைவு அணுகல் பட்டையிலோ நாம் வைக்கும் பொத்தான் மட்டும் வழக்கமாக வேர்டு.ஆஃபிஸ்யூஐ என்ற வேறொரு கோப்பில், வேறொரு கோப்புறையில் பதிவாகிறது. அந்தப் பொத்தான் மேக்ரோவின் முழு முகவரியையும் பிடித்து வைத்திருக்கும்: எந்த வார்ப்புரு, எந்த மாட்யூல், என்ன பெயர். மூன்றில் ஒன்று மாறினாலும் பொத்தான் செத்துவிடும்.

முன்பு இவ்வளவு சிக்கல் இல்லை. வேர்டு 97 முதல் 2003 வரை 'ஆர்கனைசர்' என்ற பெட்டியில் நான்கு தாவல்கள் இருந்தன: பாணிகள், ஆட்டோடெக்ஸ்ட், கருவிப்பட்டைகள், மேக்ரோக்கள். இடப்பக்கம் ஒரு வார்ப்புரு, வலப்பக்கம் இன்னொன்று, நடுவில் 'காப்பி' பொத்தான். கருவிப்பட்டையையும் மேக்ரோவையும் அடுத்தடுத்து நகர்த்திவிட்டால் வேலை முடிந்தது. 2007இல் ரிப்பன் வந்தது. கருவிப்பட்டைகள் போயின, ஆர்கனைசரில் பாணிகள், மேக்ரோக்கள் என்ற இரண்டு தாவல்களே மிஞ்சின. பழைய டாட் கோப்புகளில் இருந்த கருவிப்பட்டைகள் 'ஆட்-இன்ஸ்' என்ற தாவலில் ஒதுக்கி வைக்கப்பட்டன. பொத்தான்களை வார்ப்புருவிலிருந்து பிரித்துத் தனியே வைத்தது பயனருக்கு நன்மை செய்யவில்லை என்பது என் உறுதியான கருத்து. இன்று நாம் படும் பாட்டில் பாதி அங்கிருந்து வந்ததுதான்.

இப்போது வேலைக்கு வருவோம். மேக்ரோவை நகர்த்த ஆல்ட்டும் எஃப்8உம் சேர்த்து அழுத்தினால் மேக்ரோ பட்டியல் திறக்கும். அதில் ஆர்கனைசர் இருக்கிறது. ஒரு பக்கத்தில் இருக்கும் கோப்பை மூடிவிட்டு, பழைய கணினியிலிருந்து எடுத்துவந்த வார்ப்புருவை அங்கே திறக்க வேண்டும். ஆர்கனைசர் தனி மேக்ரோவை நகர்த்தாது, முழு மாட்யூலையே நகர்த்தும் என்பதை நினைவில் வையுங்கள். முட்டுக்கட்டையும் இங்கேதான் வரும். பழைய வார்ப்புருவிலும் 'நியூமேக்ரோஸ்', புதியதிலும் 'நியூமேக்ரோஸ்' இருந்தால் நகலெடுக்க வேர்டு மறுத்துவிடும். அதே பெட்டியில் உள்ள 'ரீநேம்' பொத்தானைக் கொண்டு பழையதற்கு 'பாடத்திட்டம்' என்ற பொருள்படும் ஓர் ஆங்கிலப் பெயர் கொடுத்துவிட்டு நகர்த்தலாம். ஆனால் மாட்யூலின் பெயர் மாறியதும் பொத்தான் பிடித்திருந்த முகவரியும் தவறாகிவிடும். பொத்தானைப் புதிதாக வைக்க வேண்டும்.

ஆல்ட்டோடு எஃப்11 அழுத்தினால் திறக்கும் விஷுவல் பேசிக் திரையிலும் இதைச் செய்யலாம். மாட்யூலை ஒரு வார்ப்புருவிலிருந்து இன்னொன்றுக்கு இழுத்துப் போடலாம், தனிக் கோப்பாக ஏற்றுமதியும் செய்யலாம். படிவம் இருந்தால் எஃப்ஆர்எம், எஃப்ஆர்எக்ஸ் என்று இரண்டு கோப்புகள் வரும். இரண்டையும் சேர்த்தே எடுத்துச் செல்ல வேண்டும். கடவுச்சொல் போட்டுப் பூட்டிய மேக்ரோக்களை மாட்யூலாகப் பிரித்து எடுக்க முடியாது. வார்ப்புருவை முழுதாகத் தூக்கிச் செல்வதுதான் வழி.

ரிப்பன் பொத்தான்களை 'ஆப்ஷன்ஸ்' பகுதியில் 'கஸ்டமைஸ் ரிப்பன்' என்ற இடத்தில் ஏற்றுமதி செய்து, புதுக் கணினியில் இறக்குமதி செய்யலாம். வேர்டு 2010இலிருந்து இந்த வசதி இருக்கிறது. அந்தக் கோப்பில் பொத்தான்கள் மட்டும்தான் இருக்கும். மேக்ரோவும் இருக்காது, குறுக்குவிசையும் இருக்காது. இறக்குமதி செய்தவுடன் அந்தக் கணினியில் ஏற்கெனவே செய்துவைத்திருந்த ரிப்பன் மாற்றங்கள் அனைத்தும் அழிந்து, புதியவை அந்த இடத்துக்கு வரும். சக ஆசிரியர் அனுப்பிய கோப்பை ஆர்வத்தில் ஏற்றிவிட்டுச் சொந்தப் பொத்தான்களைத் தொலைப்பது இப்படித்தான். உங்களுடையதை முதலில் ஏற்றுமதி செய்து வைத்துக்கொண்டு பிறகு மற்றவருடையதைத் தொடுங்கள்.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு தொல்லை காத்திருக்கிறது. விண்டோஸ் 2000 முதலே விண்டோஸில் தமிழ் யூனிகோடு இருக்கிறது. வேர்டு பக்கத்தில் தமிழ் அழகாக விழும். மேக்ரோ எழுதும் விஷுவல் பேசிக் திரைக்கு மட்டும் இன்றுவரை யூனிகோடு பிடிபடவில்லை. அது இன்னும் பழைய 8 பிட் குறியீட்டுப் பக்கங்களை நம்பியிருக்கிறது. தமிழுக்கு விண்டோஸில் அப்படி ஒரு பக்கம் ஒதுக்கப்படவே இல்லை. அங்கே 'கல்வி' என்று ஒட்டினால் ஐந்து கேள்விக்குறிகள்தான் விழும். கேள்விக்குறியாகச் சேமிக்கப்பட்டதை மீட்க வழியில்லை.

அதனால் ஒவ்வோர் எழுத்தையும் அதன் எண்ணால் எழுத வேண்டும். சிஎச்ஆர்டபிள்யூ என்ற கட்டளைக்கு க என்றால் 2965, ல என்றால் 2994, புள்ளிக்கு 3021, வ என்றால் 2997, இகரக் குறிக்கு 3007. இந்த ஐந்து எண்களைக் கோத்தால் 'கல்வி' கிடைக்கும். மேக்ரோவைக் கையால் எழுதாமல் பதிவுசெய்திருந்தால், தட்டச்சு செய்த தமிழை வேர்டே இப்படி எண்களாக மாற்றி எழுதியிருக்கும். அது எந்தக் கணினிக்குப் போனாலும் கெடாது. நீளமான தமிழ் வாசகம் என்றால் மேக்ரோவுக்குள் வைக்காதீர்கள். ஆட்டோடெக்ஸ்ட்டாக அதே வார்ப்புருவில் சேமித்து, மேக்ரோ அதை எடுத்துப் போடும்படி செய்வது மேல். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் எழுதிய மேக்ரோக்கள் வேறு வகை. அவற்றில் தமிழ் வாசகம் லத்தீன் எழுத்துகளின் குவியலாகத் தெரியும். நகர்த்துவதில் சிக்கல் வராது. அந்தப் பழைய எழுத்துருவும் புதுக் கணினியில் இருந்தால்தான் தமிழாகத் தெரியும். கோலாலம்பூரில் 2001இலேயே தமிழ் இணைய மாநாடு நடந்தது. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் உருவானதும் இந்த மண்ணில்தான். இத்தனைக்குப் பிறகும் வேர்டின் இந்த ஒரு மூலையில் தமிழுக்கு இடமில்லை என்பது எனக்கு வருத்தமே.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1995இல் பரவிய 'கான்செப்ட்' என்ற முதல் வேர்டு மேக்ரோ வைரஸ் செய்த வேலையே, ஆவணத்தில் இருந்த மேக்ரோக்களைப் பொது வார்ப்புருவுக்கு நகலெடுத்து, அங்கிருந்து மற்ற ஆவணங்களுக்குப் பரப்பியதுதான். 1999 மார்ச்சில் 'மெலிஸா' மின்னஞ்சல் வழியாக உலகெங்கும் பாய்ந்தது. நாம் நல்லெண்ணத்தோடு செய்யும் நகலெடுப்பும் வைரஸ் செய்ததும் வேர்டின் கண்ணில் ஒன்றுதான். 2022இல் மைக்ரோசாஃப்ட் எடுத்த முடிவுப்படி, இணையத்திலிருந்து இறங்கிய கோப்புகளில் மேக்ரோக்கள் தானாகவே முடக்கப்படுகின்றன. நண்பர் மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப் வெப்பிலோ அனுப்பிய வார்ப்புருவைத் திறந்தால் சிவப்புப் பட்டை வருவது இதனால்தான். அனுப்பியவரையும் மேக்ரோ என்ன செய்கிறது என்பதையும் அறிந்திருந்தால் மட்டும், கோப்பின் மீது வலச்சொடுக்கி 'பிராப்பர்ட்டீஸ்' போய் 'அன்பிளாக்' என்பதைக் குறியிடலாம். மேக்ரோ பாதுகாப்பையே முழுதாகத் தளர்த்திவிடச் சொல்லும் 'உதவியாளர்கள்' இருக்கிறார்கள். அந்த யோசனையைக் கேட்காதீர்கள். நாளை வரும் ஏதோ ஒரு கோப்பு பள்ளியின் எல்லா ஆவணங்களையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கலாம்.

பொத்தானும் மேக்ரோவும் பிரியாமல் ஒன்றாகப் பயணிக்க வழி இருக்கிறதா? இருக்கிறது. மேக்ரோக்களை நார்மலில் வைப்பதை விட்டுவிட்டு, டாட்எம் வகையில் தனி வார்ப்புரு ஒன்றை உருவாக்கி அதற்குள் வையுங்கள். பிறகு அந்த வார்ப்புருவையே திறந்துவைத்துக்கொண்டு, விரைவு அணுகல் பட்டையின் அமைப்புக்குப் போங்கள். மேலே 'எல்லா ஆவணங்களுக்கும்' என்று இருக்கும் கீழிறங்கு பட்டியலில், திறந்திருக்கும் வார்ப்புருவின் பெயரும் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்துப் பொத்தான்களைச் சேர்த்தால் அவை வார்ப்புருவுக்குள்ளேயே பதிவாகும். அந்த வார்ப்புருவிலிருந்து உருவாக்கும் ஆவணங்களில் பொத்தான்கள் தாமாகவே தோன்றும். குறுக்குவிசை கொடுக்கும்போதும் 'சேவ் சேஞ்சஸ் இன்' என்ற இடத்தில் அதே வார்ப்புருவைக் காட்டுங்கள். இப்போது மூன்றும் ஒரே கோப்பில். பென்டிரைவில் போட்டுக் கொடுத்தால் பிரிக்பீல்ட்ஸில் இருப்பவரும் அப்படியே பயன்படுத்தலாம். மேக்ரோக்கள் எந்த ஆவணத்திலும் வேலை செய்ய வேண்டுமானால், அந்த டாட்எம் கோப்பை வேர்டின் 'ஸ்டார்ட்அப்' கோப்புறையில் வைக்க வேண்டும். வேர்டு திறக்கும்போதெல்லாம் அதுவும் சேர்ந்து ஏறும்.

வேலை செய்யும் என்று நம்பி ஏமாறும் இடங்கள் இரண்டு. உலாவியில் திறக்கும் வேர்டில் மேக்ரோ ஓடாது. கூகுள் டாக்ஸிலும் ஓடாது. கல்வி அமைச்சின் டெலிமா கணக்கு இருக்கிறதே, வார்ப்புருவை அங்கே ஏற்றிவிட்டால் எங்கும் திறக்கலாமே என்று எண்ணும் ஆசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கோப்பு திறக்கும், பொத்தான் வேலை செய்யாது. இரண்டாவது, பழைய கணினியில் 32 பிட் ஆஃபிஸ் இருந்திருக்கும். ஆஃபிஸ் 2019 முதல் இயல்பாக நிறுவப்படுவது 64 பிட். விண்டோஸின் உள் கட்டளைகளைக் கூப்பிடும் பழைய மேக்ரோக்கள் அதில் பிழை காட்டும். 'டிக்ளேர்' என்று தொடங்கும் வரிகளில் 'பிடிஆர்சேஃப்' என்ற சொல்லைச் சேர்ப்பது முதல் படி. சில இடங்களில் எண் வகையையும் மாற்ற வேண்டிவரும். சாதாரண அட்டவணை, தேதி மேக்ரோக்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

பழைய கணினியை இன்னும் கடைக்கு அனுப்பாதவர்களுக்கு இது. வேர்டை மூடுங்கள். ஃபைல் எக்ஸ்புளோரரின் முகவரிப் பட்டையில் ஆப்டேட்டா என்ற சொல்லை இருபுறமும் சதவீதக் குறியிட்டு ஆங்கிலத்தில் அடித்தால் 'ரோமிங்' என்ற மறைந்திருக்கும் கோப்புறை திறக்கும். அதனுள் 'மைக்ரோசாஃப்ட்' கோப்புறையில் 'டெம்ப்ளேட்ஸ்' இருக்கும்; 'வேர்டு' என்பதற்குள் 'ஸ்டார்ட்அப்' இருக்கும். இரண்டையும் நகலெடுங்கள். வேர்டை மறுபடி திறந்து ரிப்பன் அமைப்பை ஏற்றுமதி செய்து அதையும் சேர்த்து வையுங்கள். புதுக் கணினியில் நார்மலை அப்படியே மாற்றி வைக்க விரும்பினால், அங்கிருப்பதை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றிவிட்டுப் பழையதை வையுங்கள், சரிப்படாவிட்டால் திரும்பிவிடலாம். இவ்வளவுக்கும் கால் மணி நேரம் ஆகாது. கணினியை ஃபார்மட் செய்பவர் 'டாக்குமெண்ட்ஸ், டெஸ்க்டாப் மட்டும் எடுத்தால் போதுமா?' என்று கேட்கும்போது, போதாது என்று சொல்லி இந்த இரண்டு கோப்புறைகளின் பெயரையும் எழுதிக் கொடுங்கள்.